ஓம் விதி: இயற்கை விதியா, வரையறையா, தோராயமா?

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை. பத்தாம் வகுப்பில் ஒருமுறை படித்தவர்கள் பிறகு மறப்பதில்லை. வீட்டுக்கு எந்தப் பருமனில் வயர் இழுப்பது என்பதிலிருந்து கைப்பேசிச் சிப்பின் வடிவமைப்புவரை கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்திறன் என்று மின்சுற்றுப் பாடத்தில் வரும் மற்ற சூத்திரங்களிலும் பல இதையே நம்பி நிற்கின்றன.

இத்தனை பழகிய சமன்பாடு எந்த வகைக் கூற்று என்பதில் மட்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கருத்து ஒன்றுபடவில்லை. சோதனையில் கண்டறிந்த இயற்கை விதி என்பது ஒரு தரப்பு. மின்தடை என்ற அளவுக்கு நாம் கொடுத்த வரையறை என்பது இரண்டாவது. சில பொருள்களுக்கு மட்டும் உள்ள பண்பு என்பது மூன்றாவது. சமநிலையிலிருந்து சற்றே விலகிய எந்த அமைப்புக்கும் பொருந்தக்கூடிய தோராயம் என்பது நான்காவது. ஒவ்வொன்றும் எங்கிருந்து எழுந்தது, எதை விளக்குகிறது, எங்கே இடறுகிறது என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

எட்டுக் கம்பிகளும் மாறாத ஓர் எண்ணும்

ஓமுக்கு முன்பே இந்த உறவை நெருங்கியவர் ஹென்றி கேவண்டிஷ். உப்புக் கரைசல் நிரப்பிய குழாய்கள் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, தன் உடலில் உணர்ந்த அதிர்ச்சியின் வலிமையை ஒப்பிட்டு, 1781 வாக்கில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார். அதை அவர் வெளியிடவில்லை. 1879இல் மேக்ஸ்வெல் அவருடைய கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்த பிறகே உலகம் அறிந்தது. எனவே அறிவியலின் போக்கை மாற்றிய முயற்சி ஓமினுடையதே.

கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓம் 1825இல் வெளியிட்ட முதல் உறவு மடக்கை வடிவில் இருந்தது, அது தவறு. அன்றைய வோல்டா மின்கலங்களின் வலிமை சோதனை நடக்கும்போதே ஏறி இறங்கியது அதற்கு முக்கியக் காரணம். பொகெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, 1821இல் சீபெக் கண்டறிந்த வெப்பமின் விளைவுக்கு அவர் மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தபோது, நிலையான மின்மூலம் கிடைத்தது. முறுக்குக் கம்பியில் தொங்கிய காந்த ஊசி மின்னோட்டத்தை அளந்தது.

ஒரே தடிமனும் 2 முதல் 130 அங்குலம்வரை நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அவர் அளந்தார். 1826 ஜனவரியில் எடுத்த அளவுகளில் ஒரு வரிசை, ‘விசை = 7285 ÷ (20¼ + கம்பியின் நீளம்)’ என்ற வடிவத்துக்குப் பொருந்துகிறது. 2 அங்குலக் கம்பிக்குக் கணக்கு தருவது 327.4; அவர் அளந்தது 326¾. 130 அங்குலக் கம்பிக்குக் கணக்கும் அளவும் 48½ என்ற ஒரே இடத்தில் நிற்கின்றன.

இந்தச் சமன்பாட்டின் மேலெண் மின்மூலத்தின் வலிமையைக் குறிக்கிறது. 20¼ என்பது கம்பி நீங்கலாகச் சுற்றின் மற்றப் பகுதிகள் கொடுத்த தடை. இன்று அதன் முக்கியப் பங்கை அக மின்தடை என்போம். அடுத்து ஓம் வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்துப் பார்த்தார். மேலெண் குறைந்தது, 20¼ ஏறக்குறைய அப்படியே இருந்தது. மின்மூலம் எவ்வளவு வலிமையாக உந்தினாலும் சுற்றின் தடை மாறுவதில்லை என்பதே இதன் பொருள். ஓமின் கண்டுபிடிப்பு எதுவென்று ஒரே இடத்தைச் சுட்டச் சொன்னால், இந்த மாறாமையையே சுட்ட வேண்டும்.

1827இல் வெளிவந்த நூலில் ஓம், ஃபூரியேயின் வெப்பக் கடத்தல் கோட்பாட்டைப் பின்பற்றித் தன் முடிவுகளுக்குக் கணித வடிவம் கொடுத்தார். வெப்பநிலைச் சரிவில் வெப்பம் பாய்வதைப் போல மின்சாரத்தின் செறிவுச் சரிவில் மின்னோட்டம் பாய்கிறது என்பது அவருடைய விளக்கம். அந்த விளக்கம் நிலைமின்னியலுடன் மோதியது. 1849இல் கிர்க்காஃப், ஓம் செறிவு என்று எண்ணியதை மின்னழுத்தம் என்று கொள்ள வேண்டும் எனக் காட்டி அந்த முரணைத் தீர்த்தார். விளக்கம் மாறியும் உறவு நிலைத்தது. ஓம் விதியைச் சோதனையின் அடிப்படையில் எழுந்த இயற்கை விதி என்போருக்கு இது வலுவான சான்று. ஜெர்மனியில் ஃபெக்னரும் பிரான்சில் பூயேயும் சோதித்து உறுதி செய்தனர். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி ஓமுக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது.

இத்தரப்பின் பலவீனம், விதி எவ்வளவு பொதுவானது என்பதில் இருக்கிறது. ஓம் சோதித்தவை சில உலோகங்கள்; அதுவும் சிறிய மின்னோட்டங்களில். ஈர்ப்பு விதியைப் போல எல்லாப் பொருளுக்கும் எல்லா நிலைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல அந்தச் சோதனைகள் இடம் தரவில்லை. பின்னர் வந்த வெற்றிடக் குழாய், டையோடு, வாயு மின்னிறக்கம் முதலியவை பொருந்தாது என்றே காட்டின.

வரையறை என்னும் தரப்பு

இரண்டாவது தரப்பு தர்க்கத்திலிருந்து எழுகிறது. மின்தடை என்றால் என்ன? மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. அப்படியானால் இரண்டையும் பெருக்கினால் மின்னழுத்த வேறுபாடு வருவதில் வியப்பென்ன? எந்தப் பொருளை எடுத்தாலும், எந்த நிலையிலும் இது பொய்க்காது. பொய்க்க வழியே இல்லாத கூற்றை விதி என்பது எப்படி? அறிவியல் விதிகளில் சில நாளடைவில் வரையறைகளாக உறைந்துவிடுகின்றன என்று 1902இல் புவான்காரே எழுப்பிய பொதுவான விவாதம் இத்தரப்புக்குத் துணை. ஓமின் சமன்பாட்டை நேரடியாக எடுத்துக்கொண்டு, 1963இல் மார்ட்டன் ஷக்ரின் இயற்பியல் ஆசிரியர்களுக்கான இதழொன்றில் விரிவாக விவாதித்தார்.

அளவீட்டைப் பற்றிய ஒரு குறையும் இதனுடன் சேர்ந்தே சொல்லப்படும். சாதாரண ஊசி வோல்ட்மீட்டர் என்பது பெரிய மின்தடையைத் தொடரில் வைத்த கால்வனாமீட்டரே. அதன் அளவுகோலே ஓம் விதியை நம்பி வரைந்தது. அதைக்கொண்டு ஓம் விதியைச் சோதிப்பது வட்டத்தில் சுற்றுவதாகாதா?

இந்த இரண்டாவது குறைக்கு விடை கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைக் கொண்டு மின்னழுத்தத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டருக்கு ஓம் விதி தேவையில்லை. அவ்வகைக் கருவியால் 1840களின் இறுதியிலேயே ருடால்ஃப் கோல்ராஷ் சுற்றின் மின்னழுத்தங்களை அளந்தார். இன்று ஜோசஃப்சன் விளைவு வோல்ட்டையும், 1980இல் ஃபான் கிளிட்ஸிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு ஓமையும், எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கடத்தும் கருவிகள் ஆம்பியரையும் தனித்தனி வழியில் தருகின்றன. மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பதே அளவியலில் ஒரு தனி ஆய்வுத் துறை.

முதல் குறை அத்தனை எளிதில் தீராது. ஆனால் வரையறையை மட்டும் வைத்துக்கொண்டால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை ஒரு டையோடு காட்டிவிடும். சிலிக்கன் டையோடில் 1 மில்லி ஆம்பியர் பாயும்போது அதன் குறுக்கே சுமார் 0.65 வோல்ட் நிற்கிறது என்று கொள்வோம். வகுத்தால் 650 ஓம். அடுத்து மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டாக்கினால் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியராகுமா? ஆகாது; மின்னோட்டம் பல மடங்கு எகிறி டையோடே கருகக்கூடும். வகுத்து வந்த 650 என்ற எண் அந்த ஒரு நிலைக்கு மட்டுமே உரியது. செம்புக் கம்பியில் அளந்த எண்ணோ அடுத்த நிலையையும் சொல்கிறது. இந்த வேறுபாடு இயற்கையில் இருப்பது, வரையறையால் வந்ததன்று.

பொருளின் பண்பு என்னும் தரப்பு

மேக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட பெருநூலில் இரண்டையும் பிரித்தே பேசுகிறார். விகிதத்துக்குப் பெயரிடுவது யாராலும் முடியும். அந்த விகிதம் மின்னோட்டத்தைச் சாராமல் கடத்தியின் தன்மையை மட்டும் சார்ந்து நிற்பதால்தான் அந்தப் பெயருக்கு அறிவியல் மதிப்பு வருகிறது என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் ஹாலிடே–ரெஸ்னிக் போன்ற பல்கலைக்கழகப் பாடநூல்கள் இதையே கறாராக வலியுறுத்தின: விகிதம் வரையறை, அது மாறிலியாக இருத்தலே ஓம் விதி. விதிக்கு உட்படும் பொருள்கள், உட்படாத பொருள்கள் என்று தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல் பிரிப்பதும் இந்த மரபில்தான்.

அந்த மாறாமை எவ்வளவு துல்லியமானது? 1874இல் ஆர்தர் ஷூஸ்டர் தன் அளவீடுகளில் விலகல் தெரிவதாக ஐயம் எழுப்பினார். அதைத் தீர்க்கப் பிரிட்டிஷ் அசோசியேஷன் அமைத்த குழுவில் மேக்ஸ்வெல்லுடன் ஷூஸ்டரும் இருந்தார். சிக்கல் வெப்பத்தில் இருந்தது: மின்னோட்டத்தைக் கூட்டினால் கம்பி சூடேறும், சூடேறினால் தடை கூடும், இதை விதியின் மீறலிலிருந்து பிரிப்பது எப்படி? வலிய மின்னோட்டத்தையும் மெலிய மின்னோட்டத்தையும் மிக விரைவாக மாற்றி மாற்றி ஒரே கம்பியில் செலுத்துவது மேக்ஸ்வெல் வகுத்த வழிகளில் ஒன்று. கம்பி ஆறவும் சூடேறவும் நேரமிராது. இரு மின்னோட்டங்களும் ஒரே வெப்பநிலையைச் சந்திக்கும். கேவண்டிஷ் ஆய்வகத்தில் கிரிஸ்டல் என்ற ஆய்வாளர் செய்த சோதனையின் முடிவு 1876இல் வெளிவந்தது. குறுக்குப் பரப்பு 1 சதுர சென்டிமீட்டரும் தடை 1 ஓமும் உள்ள உலோகக் கடத்திக்கு, வெப்பநிலை மாறாதிருந்தால், 1 வோல்ட் கொடுப்பதால் வரும் தடை மாற்றம் இலட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

ஆனால் ‘வெப்பநிலை மாறாதிருந்தால்’ என்ற நிபந்தனைதான் இத்தரப்பின் வலிமையும் பலவீனமும். பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் எரியும்போது அதன் தடை கணக்குப்படி 882 ஓம். அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் பார்த்தால், அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாயக்கூடும். குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே உயிர்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இழையின் டங்ஸ்டன் விதிக்கு உட்படும் உலோகமா? வெப்பநிலையைக் கட்டிவைத்தால் ஆம். பல்பு விதிக்கு உட்படும் கருவியா? இல்லை. ஒரே பொருள் இரு விடை தருவதால், நிபந்தனையை விட்டுவிட்டுப் பொருள்களை இரு பெட்டிகளில் போடுவது முழுமையான வகைப்பாடாகத் தெரியவில்லை.

எலக்ட்ரானிலிருந்து தருவிக்கும் முயற்சி

மாறாமைக்குக் காரணம் என்ன? 1900இல் பால் ட்ரூட் முதல் விடையைத் தந்தார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் விரைகின்றன. மின்புலம் அவற்றைச் சற்றுத் தள்ளுகிறது. மோதல்கள் அந்தத் தள்ளலை அழிக்கின்றன. மோதல்களுக்கிடையே உள்ள சராசரி நேரம் மின்புலத்தைச் சாராவிட்டால் மின்னோட்டம் மின்புலத்துக்கு நேர்த்தகவில் அமையும். ஓம் விதி இரண்டே வரியில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் கோட்பாட்டின் மற்றக் கணிப்புகள் தடுமாறின. உலோகத்தின் தடை வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் போல உயர வேண்டும் என்றது கணக்கு. அறை வெப்பநிலையை ஒட்டி அது ஏறக்குறைய வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் உயர்வதே உண்மை. வெப்பக் கடத்தலுக்கும் மின்கடத்தலுக்கும் உள்ள விகிதம் சரியாக வந்ததற்கும், இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. 1928 வாக்கில் சொமர்ஃபெல்டும் பிளாக்கும் குவாண்டம் கோட்பாட்டைக் கொண்டுவந்த பின்னரே இவை சீராயின. ஒழுங்கான படிகத்தில் எலக்ட்ரான் அலையாகத் தடையின்றிச் செல்லும். அணுக்களின் அதிர்வும் படிகக் குறைகளுமே அதைச் சிதறடிக்கின்றன.

1876இன் வியப்பூட்டும் துல்லியம் இப்போது புரியத் தொடங்குகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். அதே எலக்ட்ரான்களின் சொந்த வேகமோ நொடிக்கு சுமார் 16 இலட்சம் மீட்டர். நாம் கொடுக்கும் மின்னழுத்தம் அவற்றின் இயல்பான ஓட்டத்தைத் தொட்டும் தொடாமலும் போகிறது. எனவே மோதல் நேரம் மாற வழியில்லை. குறைகடத்தியில் வலிய மின்புலத்தைக் கொடுத்தால் நிலைமை வேறு. சிலிக்கனில் ஒரு கட்டத்துக்கு மேல் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு சுமார் 1 இலட்சம் மீட்டரில் நிறைவுற்று நின்றுவிடும். காலியம் ஆர்சனைடில் மின்புலம் கூடும்போது மின்னோட்டம் குறையவும் செய்யும். 1963இல் கன் கண்ட விளைவுக்கு இதுவே அடிப்படை.

ஆகவே தருவித்தல் என்பது ஓம் விதியை அடிப்படை விதிகளின் முழு விளைவாக்கிவிடவில்லை. மோதல் நேரம் மின்புலத்தால் மாறாது என்று ஒரு கருதுகோளை இடையில் வைத்துத்தான் விதி கிடைக்கிறது. ஓம் கண்ட மாறாமை இங்கே வேறு உருவில் திரும்ப வருகிறது.

முதற்படித் தோராயம் என்னும் தரப்பு

நான்காவது தரப்பு இன்னும் பொதுவானது. சமநிலையில் இருக்கும் அமைப்பைச் சற்றுத் தள்ளினால் அதன் எதிர்வினை, தள்ளலுக்கு நேர்த்தகவில்தான் தொடங்கும். உயர் படிகள் பிறகே தலைகாட்டும். டையோடும் இதற்கு விலக்கில்லை: 1 மில்லி ஆம்பியர் நிலையை மையமாக வைத்து ஒரு மில்லி வோல்ட் ஏற்றி இறக்கினால், அது சுமார் 25 ஓம் தடையைப் போலவே நடந்துகொள்ளும். பெருக்கிச் சுற்றுகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் நாள்தோறும் கையாளும் உத்தி இது.

இப்பார்வையின் ஆழம் 1928இல் வெளிப்பட்டது. எந்த மின்மூலமும் இணைக்காத தடையின் முனைகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் இடைவிடாது ஆடிக்கொண்டிருப்பதை ஜான்சன் அளந்தார். அதன் அளவு மின்தடையாலும் வெப்பநிலையாலும் தீர்மானிக்கப்படுகிறது என்று நைக்விஸ்ட் நிறுவினார். அதாவது, மின்னோட்டத்தைச் செலுத்தாமலே மின்தடையை அறியலாம். 1957இல் ரியோகோ குபோ இதைப் பொதுக் கோட்பாடாக்கினார். வரையறைத் தரப்புக்கு இதுவும் ஒரு பதில்: வகுத்துப் பெறும் விகிதத்துக்கு அப்பால் மின்தடைக்குத் தனி இருப்பு உண்டு.

இத்தரப்புக்கும் எதிர்ப்பு உண்டு. தனி எலக்ட்ரானின் பாதை மிகச் சிறு விசையாலும் வெகுவிரைவில் பெரிதாகத் திசைமாறிவிடும். தனித்தனிப் பாதைகள் நேர்த்தகவில் மாறாதபோது கூட்டு மின்னோட்டம் மட்டும் எப்படி நேர்த்தகவில் மாறுகிறது என்று 1971இல் வான் கம்பன் கேட்டார். கூட்டான பரவலையே பார்க்க வேண்டும், தனிப் பாதையை அன்று என்பது பலர் தரும் விடை. கணக்குகள் சோதனையுடன் ஒத்துப்போகின்றன. ஆயினும் கேள்வியின் கூர்மை முற்றிலும் மழுங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

விதி கைவிடும் இடங்கள்

1911இல் லைடன் நகரில் கமர்லிங் ஓன்னஸ் குழுவினர் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினை ஒட்டி அதன் தடை திடீரென மறைந்தது. மீக்கடத்தியில் மின்னழுத்தம் இல்லாமலே மின்னோட்டம் நிலைக்கிறது. மின்னோட்டத்தைக் கணக்கிட ஓம் விதியை எடுத்தால் சுழியைச் சுழியால் வகுக்க நேரும். 1935இல் லண்டன் சகோதரர்கள் மீக்கடத்திக்கென வேறு சமன்பாடுகளையே அமைக்க வேண்டியிருந்தது.

அளவைச் சிறிதாக்கினாலும் படம் மாறுகிறது. 1988இல் நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இரு குழுக்கள், எலக்ட்ரான்கள் மோதாமலே கடந்துவிடும் அளவுக்குக் குறுகிய வாயிலை ஆராய்ந்தன. அதன் கடத்துதிறன் படிப்படியாக ஏறியது. ஒரே ஒரு வழி திறந்திருக்கையில் தடை சுமார் 12,906 ஓம். வாயிலின் நீளம் அங்கே கணக்கில் வருவதில்லை. கம்பி நீள நீளத் தடை கூடும் என்பதில் தொடங்கிய வரலாற்றில், நீளமே பொருட்டல்லாத தடை இது. லேண்டவர் 1957இலேயே முன்வைத்த பார்வைப்படி, இங்கே தடை என்பது எலக்ட்ரான் கடந்துபோகும் நிகழ்தகவின் மறுபக்கம்.

அளவு சிறுத்தாலே விதி முறியும் என்று இதிலிருந்து முடிவு கட்டவும் கூடாது. 2012இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, சிலிக்கனுக்குள் பாஸ்பரஸ் அணுக்களைப் பதித்து, நான்கு அணு அகலமும் ஓர் அணு உயரமும் கொண்ட கம்பி செய்தது. அதன் மின்தடை எண் அகலமான கம்பிகளில் உள்ளதைப் போலவே இருந்தது. எலக்ட்ரான் செல்லும் வழியில் போதிய சிதறல் நிகழ்கிறதா என்பதே முடிவு செய்கிறது. கம்பியின் பருமன் மட்டும் அன்று.

பாடநூலும் பணிமேசையும்

இந்த விவாதம் வகுப்பறைக்குத் தேவையா என்று கேட்கலாம். தேவை என்றே தோன்றுகிறது. சமன்பாட்டை முக்கோணத்தில் எழுதி, வேண்டிய எழுத்தை மூடிக் கணக்குப் போடும் உத்தி மதிப்பெண்ணுக்கு உதவும். ஆனால் மாறாதது எது என்பதை அது மறைத்துவிடுகிறது. எல்இடி விளக்குக்கு ஒரு தடை எண்ணைத் தேடும் மாணவர், குளிர்ந்த ஹீட்டர் சுருளில் அளந்த தடையை அப்படியே திறன் கணக்கில் போடுபவர் — இருவரும் பிழை செய்வது சூத்திரத்தில் அன்று, நிபந்தனையில். மாறுதிசை மின்னோட்டத்தில் மின்னெதிர்ப்பு மின்தடையின் இடத்தைப் பிடிக்கும்போது, வடிவம் அதே. ஆனால் அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுகிறது. நிபந்தனையைச் சூத்திரத்தின் பகுதியாகவே கற்பித்தால், இந்த விரிவாக்கங்கள் புதுப் பாடங்களாகத் தோன்றாமல் ஒரே கேள்வியின் அடுத்தடுத்த விடைகளாகத் தெரியும்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

நான்கு தரப்புகளும் ஒரே கூற்றைப் பற்றிப் பேசுவதாக எண்ணினால் அவை மோதுகின்றன. கூற்றுகளைப் பிரித்தால் மோதலில் பெரும்பகுதி அடங்கும். மின்தடை என்ற விகிதம் வரையறை. அது மின்னழுத்தத்தைச் சாராமல் நிற்கிறது என்பது சோதனைக்கு உட்பட்ட உண்மை. உலோகங்களில் மிகத் துல்லியமான உண்மை. அந்த உண்மைக்குக் காரணம், நாம் கொடுக்கும் தள்ளல் பொருளுக்குள் ஏற்கெனவே நடக்கும் இயக்கத்தின் முன் மிகச் சிறியது என்பது. எனவே ஓம் விதியை நிபந்தனையுடன் கூடிய, சோதித்து நிலைநாட்டிய விதி என்று கொள்வதே சான்றுகளுக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. வரையறை மட்டுமே என்ற நிலைப்பாடு, டையோடுக்கும் செம்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இயலாமையால் போதாததாகிறது.

தீராதவையும் உண்டு. மோதல் நேரம் எந்தப் பொருளில் எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்பது முழுமையாகத் தெரிந்துவிடவில்லை. 1986இல் பெட்னோர்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில் பல, மீக்கடத்தும் நிலைக்கு மேலே ஓம் விதிக்கு உட்பட்டே நடக்கின்றன. ஆனால் அவற்றின் தடை மிகப் பரந்த எல்லையில் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. சாதாரண உலோகங்களுக்கு எழுதிய மோதல் விளக்கம் அங்கே பொருந்துவதாகத் தெரியவில்லை. அனைவரும் ஏற்ற மாற்று விளக்கமும் இல்லை. காலத்தில் முன்னும் பின்னும் ஒன்றுபோல் இயங்கும் நுண்விதிகளிலிருந்து, மின்னாற்றலைத் திரும்பப் பெற இயலாத வெப்பமாக்கும் மின்தடை எப்படிப் பிறக்கிறது என்பது அதைவிடப் பழைய கேள்வி. ஓம் விதி எப்போது பொருந்தும் என்பது இன்று நன்றாகவே தெரியும். விதி பொருந்தும் சில பொருள்களில் அது ஏன் பொருந்துகிறது என்பதற்கான விடைதான் இன்னும் தேடப்படுகிறது.